சுருங்கிய காட்சிகள்: பழைய வீடியோப் பதிவுகள் புதுவடிவம் பெற்ற வரலாறு

தில்லி, மும்பை, கொல்கத்தா, ஜாம்ஷெட்பூர் முதலிய நகரங்களில் நெடுங்காலமாகக் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களின் அலமாரிகளைத் திறந்து பார்த்தால், இரண்டு மூன்று தலைமுறைக் காட்சிப்பதிவுகள் அடுக்கடுக்காக இருக்கக் காணலாம். அடித்தட்டில் கனத்த கறுப்பு வீடியோ காஸெட்டுகள். கும்பகோணத்தில் நடந்த அத்தை மகள் திருமணம், திருநெல்வேலியில் நடந்த பாட்டனாரின் சதாபிஷேகம் என்று அவற்றின் முதுகில் மைப்பேனாவால் எழுதியிருக்கும். விடுப்புக் கிடைக்காமையாலோ, இரண்டு நாள் இரயில் பயணத்துக்கு வசதியில்லாமையாலோ நேரில் போகாதவர்களுக்கென்று ஊரிலிருந்து வருபவர் கையில் கொடுத்தனுப்பியவை அவை. அதற்கு மேல்தட்டில் ஸி.டி., டி.வி.டி. வட்டுகள். எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளங்கையில் அடங்கும் ஹார்டு டிஸ்க் ஒன்று; அதற்குள் ஏவிஐ என்றும், வாப் என்றும், 3ஜிபி என்றும் பலவகைப் பெயர் தாங்கிய கோப்புகள்.

இவ்வளவையும் இக்காலத்துக்கேற்ற சிறிய கோப்புகளாக மாற்றிக் கைப்பேசியிலேயே வைத்துக்கொண்டால் என்ன, பழையவற்றைக் கழித்துவிட்டால் என்ன என்று வீட்டிலுள்ள இளைஞர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. வாடகை வீட்டில் இடத்தின் அருமை அறியாதவர் நம்மில் எவருமிலர். ஆயினும், முன்பு ஒரு வட்டை நிறைத்த காட்சி இப்போது அதில் நான்கிலொரு பங்கு இடத்தில் அடங்குகிறதென்றால், எஞ்சிய பங்கு எங்கே போயிற்று என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது. இக்கேள்விக்குரிய விடை ஐம்பதாண்டுக் கால வரலாறாக விரிகிறது. அதன் தொடக்கத்தில் நம் நாட்டவர் ஒருவர் நிற்கிறார் என்பது பலர் அறியாத செய்தி.

காட்சிப்பதிவு ஏன் இவ்வளவு இடத்தை விழுங்குகிறது என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம். தொலைக்காட்சிப் படத்தை எண்களாக மாற்றுவதற்குச் சர்வதேச அளவில் 1982ஆம் ஆண்டில் விதியொன்று வகுக்கப்பட்டது. நம் நாட்டில் வழங்கிய முறைக்கு அவ்விதிப்படி ஒரு படத்தில் குறுக்காக 720 புள்ளிகள், நெடுக்காக 576 வரிகள்; ஒரு விநாடிக்கு 25 படங்கள். ஒரு புள்ளியின் வெளிச்சத்தையும் வண்ணத்தையும் குறிக்க இரண்டு பைட்டுகள் வேண்டும். பெருக்கிப் பார்த்தால் ஒரு விநாடிக் காட்சிக்கு 2 கோடியே 7 இலட்சம் பைட்டுகள் ஆகின்றன. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 75 கிகாபைட். 650 மெகாபைட் கொள்ளும் ஸி.டி. வட்டு ஒன்றில் இக்காட்சியை உள்ளபடியே எழுதினால் 31 விநாடிகளுக்குமேல் அடங்காது. கெட்டிமேளம் முழங்கி ஓய்வதற்குள் வட்டு தீர்ந்துவிடும்! ஆகவே சுருக்காமல் வைத்துக்கொள்வது என்பது தொடக்கத்திலிருந்தே சாமானியருக்கு எட்டாத காரியமாயிருந்தது.

பெங்களூரில் பிறந்து, அந்நகரிலேயே பொறியியல் பயின்று, பின் அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்ற நசீர் அகமது என்பவர், 1970களின் தொடக்கத்தில் கான்ஸாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்தார். படத்திலுள்ள விவரங்களைக் கோசைன் அலைகளின் கூட்டாகப் பிரித்தெழுதினால் மிகச் சில எண்களிலேயே படத்தின் சாரம் அடங்கிவிடும் என்பது அவர் கருத்து. இதை ஆராய உதவித்தொகை வேண்டி 1972ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு அவர் விண்ணப்பித்தார். இவ்வளவு எளிய கருத்தில் ஆராய என்ன இருக்கிறது என்ற எண்ணத்தில் அவ்விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. உதவித்தொகை இல்லாமலேயே 1973ஆம் ஆண்டுக் கோடையில் அவ்வேலையை மேற்கொண்டார். அவருடைய மாணவர் டி. நடராஜன், டெக்ஸாஸில் பணியாற்றிய அவர் நண்பர் கே. ஆர். ராவ் ஆகிய இருவரும் துணைநின்றனர். மூவர் பெயரையும் தாங்கிய சிறு கட்டுரை 1974ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியாயிற்று. (நடராஜன் என்ற பெயரைப் படித்ததும் நம் செவி சற்றே நிமிர்வது இயல்புதான்.) ‘டிஸ்கிரீட் கோசைன் டிரான்ஸ்ஃபார்ம்’ என்று அவர்கள் பெயரிட்ட அம்முறையே பின்னர் 1992ஆம் ஆண்டில் வந்த ஜேபெக் புகைப்படத்துக்கும், அதற்கு முன்னும் பின்னும் வந்த ஏறக்குறைய எல்லா வீடியோச் சுருக்கங்களுக்கும் அடிப்படையாயிற்று. எளிது என்று ஒதுக்கப்பட்ட கருத்து இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது.

அம்முறை என்ன செய்கிறது? படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள 64 புள்ளிகளை அப்படியே குறிக்காமல், அக்கட்டத்தின் சராசரி வெளிச்சம் எவ்வளவு, அதில் மெதுவாக மாறும் நிழல் எவ்வளவு, விரைந்து மாறும் நுண்கோடு எவ்வளவு என்று 64 எண்களாக மாற்றி எழுதுகிறது. இதுவரையில் எதுவும் இழக்கப்படவில்லை. திருப்பிக் கணக்கிட்டால் பழைய புள்ளிகள் திரும்ப வந்துவிடும். இழப்பு அடுத்த படியில் நேர்கிறது. மனிதக் கண் பரந்த நிழல்களைக் கூர்ந்து காண்கிறது. நுண்கோடுகளின் சிறு வேறுபாட்டை அவ்வளவாகக் காண்பதில்லை. எனவே நுண்மையைக் குறிக்கும் எண்களை முரடாக முழுமைப்படுத்தி, அவற்றுள் பெரும்பாலானவற்றைப் பூஜ்யமாக்கிவிடுகின்றனர். வண்ணத்திலும் இதே கண்ணோட்டம்தான்: வெளிச்சத்தைவிட வண்ணத்தில் நம் பார்வை மந்தம் என்பதால், நான்கு புள்ளிகளுக்கு ஒரே வண்ணக்குறிப்புப் போதுமென்று வைத்துக்கொண்டனர். பழைய திருமண வட்டுகளில் அரக்குச் சிவப்புக் கூறைப்புடவையின் நிறம் ஓரத்தில் கசிந்தாற்போலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, ‘கண்ணுக்குத் தெரியாது’ என்று எவரோ ஒருவர் முடிவு செய்ததைத்தான் இயந்திரம் விட்டுவிடுகிறது. அந்த முடிவு எவ்வளவு முரடாக இருக்கலாம் என்பது, வட்டில் எவ்வளவு இடமுண்டு என்பதைப் பொறுத்தது.

ஒரு படத்தைச் சுருக்கும் வழி இவ்வாறிருக்க, ஓடும் படத்துக்கு வேறொரு வசதியும் உண்டு. ஒரு விநாடியில் வரும் 25 படங்களில் பெரும்பகுதி முந்திய படத்தைப் போலவேதான் இருக்கும். நம் ஊர்க் கணக்கப்பிள்ளைகள் ஒரே விவரத்தைத் திரும்பத் திரும்ப எழுதாமல் ‘மேற்படி’ என்று போட்டு முடிப்பதில்லையா? அதே உபாயம்தான் இங்கும். ஒரு முழுப்படத்தை எழுதிவிட்டு, அடுத்து வருபவற்றில் ‘இக்கட்டம் மேற்படி, அக்கட்டம் மேற்படியே, ஆனால் வலப்புறம் மூன்று புள்ளி நகர்ந்தது’ என்று குறித்துக்கொண்டே போனால் போதும். இவ்விரண்டு உபாயங்களையும் இணைத்து 1988ஆம் ஆண்டில் எச்.261 என்னும் சர்வதேச விதி வகுக்கப்பட்டது. அதன் நோக்கம் திரைப்படமோ திருமணமோ அன்று. விநாடிக்கு 64 ஆயிரம் பிட் செல்லும் தொலைபேசி வழிகள் சிலவற்றைச் சேர்த்து, இருவர் முகம் பார்த்துப் பேச வழி செய்வதே. பேசுபவரின் பின்னாலுள்ள சுவர் அசைவதில்லை. உதடும் விழியும்தான் அசைகின்றன. அதற்கு ‘மேற்படி’ முறை மிகப் பொருத்தமாயிற்று.

அதே 1988ஆம் ஆண்டில் இத்தாலியரான லியோனார்டோ கியாரிலியோனே, ஜப்பானியரான ஹிரோஷி யசூதா ஆகிய இருவர் முயற்சியால் எம்பெக் என்னும் வல்லுநர் குழு தோன்றியது. இசைத்தட்டாக அறிமுகமாயிருந்த ஸி.டி. வட்டில் ஓடும் படத்தையும் ஏற்றிவிட வேண்டும் என்பது அக்குழுவின் முதல் இலக்கு. விநாடிக்கு ஏறத்தாழ 15 இலட்சம் பிட் என்பதே அவ்வட்டின் வேகம். படமும் ஒலியும் அதற்குள் அடங்கியாக வேண்டும். 1993ஆம் ஆண்டில் எம்பெக்-1 விதி வெளியாயிற்று. அதே ஆண்டில் அதைக்கொண்டு வீடியோ ஸி.டி. பிறந்தது. மேலைநாடுகளில் அது பெரிதாக வேரூன்றவில்லை. ஆசிய நாடுகளிலோ வீட்டுக்கு வீடு புகுந்தது. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் காஸெட்டுகளுக்குப் பூஞ்சை பிடிக்கும். வட்டுக்கு அத்தொல்லை குறைவு. தபால் உறையிலும் அடங்கும். அயல் மாநிலங்களில் வாழ்ந்த நமக்கு ஊர்த் திருமணங்கள் வட்டாக வரத் தொடங்கியதும் அப்போதுதான்.

அவ்வட்டில் 74 நிமிடக் காட்சியை அடைப்பதற்குச் செய்ய வேண்டியிருந்தது என்னவென்று பாருங்கள். முதலில் படத்தின் அளவே 352க்கு 288 புள்ளிகளாகக் குறைக்கப்பட்டது. புள்ளிகளில் நான்கிலொரு பங்குதான் மிச்சம். பின்னர்ச் சுருக்கம். விநாடிக்கு 2 கோடியே 7 இலட்சம் பைட்டாக இருந்தது 1 இலட்சத்து 44 ஆயிரம் பைட்டாயிற்று. ஏறத்தாழ 140இல் ஒரு பங்கு! மேடையில் ஒருவர் நின்று உரையாற்றும் காட்சியானால் இதுவும் தாங்கும். ஆனால் நம்முடைய திருமணங்கள் அத்தகையனவா? ஹோமப்புகை ஒருகணம் இருந்த வடிவில் மறுகணம் இல்லை; அங்கே ‘மேற்படி’ என்று போட வழியில்லை. நூறு கைகள் ஒரே சமயத்தில் அட்சதை தூவும்போது ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு திசையில் பறக்கிறது. சரிகைக்கரை விளக்கொளியில் மின்னி மின்னி மறைகிறது. சுருக்கும் இயந்திரத்துக்கு இவற்றைவிடக் கடினமான சோதனை கிடையாது. எனவேதான், தாலி கட்டும் அந்தக் கணத்தில், எல்லாரும் காண விரும்பிய அந்த ஒரு கணத்தில், படம் சதுரம் சதுரமாக உடைந்துபோகிறது. வட்டு கெட்டுவிட்டதென்று பலர் எண்ணுகின்றனர். வட்டில் குறையில்லை, அக்காட்சி எழுதப்பட்டதே அவ்வாறுதான்.

எம்பெக்-2 முறையும், 1996ஆம் ஆண்டில் ஜப்பானில் அறிமுகமான டி.வி.டி. வட்டும் இக்குறையைப் பெருமளவு போக்கின. 4.7 கிகாபைட் இடம் கிடைத்தமையால் படத்தின் முழு 720க்கு 576 புள்ளிகளும் திரும்ப வந்தன. ஆனால், வீடியோ ஸி.டி.யிலிருந்து பிரதியெடுத்த டி.வி.டி.யில் இவ்வளர்ச்சி எதுவுமில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இதற்கிடையே கணிப்பொறி உலகில் வேறொரு குழப்பம் வளர்ந்துகொண்டிருந்தது. 1991ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் குவிக்டைம் என்ற அமைப்பையும், 1992ஆம் ஆண்டில் மைக்ரோஸாப்ட் நிறுவனம் ஏவிஐ என்ற அமைப்பையும் வெளியிட்டன. இவை காட்சியைச் சுருக்கும் முறைகள் அல்ல. காட்சியையும் ஒலியையும் ஒன்றாகக் கட்டி வைக்கும் பேழைகள். பேழைக்குள் இருப்பது எம்முறையில் சுருக்கியது என்பது பேழையின் பெயரால் விளங்காது. சினிபாக், இண்டியோ, ரியல்வீடியோ, ஸோரன்ஸன் என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒரு முறையைக் கொணர்ந்தது. பத்தாண்டுகளில் பெரும்பாலானவை கேட்பாரற்றுப் போயின. விண்டோஸுக்கான குவிக்டைமை 2016ஆம் ஆண்டில் ஆப்பிள் கைவிட்டது. இணையத்தில் ஒரு காலத்தில் கோலோச்சிய ஃபிளாஷ் 2020ஆம் ஆண்டு டிஸம்பர் 31ஆம் நாளோடு ஆதரவிழந்தது. கேமரா வைத்த முதற்கைப்பேசிகளில் எடுத்த 3ஜிபி கோப்புகளைப் பலர் இன்றும் வைத்திருக்கின்றனர். பெரும்பாலும் 176க்கு 144 புள்ளிகள், ஒலியோ தொலைபேசித் தரம். அந்தத் தபால்தலை அளவுப் படத்தில்தான் பல குழந்தைகளின் முதல் நடை இருக்கிறது.

கைவிடப்பட்ட இம்முறைகளையெல்லாம் இன்றும் படிக்க முடிகிறதென்றால், அதற்குக் காரணம் அவற்றை விற்ற நிறுவனங்கள் அல்ல. 2000ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டவரான ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச மென்பொருளைப் பல நாட்டுத் தொண்டர்கள் வளர்த்தனர். விதி வெளியிடப்படாத முறைகளைக்கூடக் கோப்புகளை ஆராய்ந்து பார்த்தே கண்டறிந்து அதில் சேர்த்தனர். கல்வெட்டுப் படிப்போரின் பொறுமைக்கு இதை ஒப்பிடலாம். இன்று கடைத்தெருவில் ‘பழைய வீடியோ மாற்றித் தரப்படும்’ என்று பலகை மாட்டியவரின் கணிப்பொறியிலும் பெரும்பாலும் இதுவே உள்ளே நின்று வேலை செய்கிறது.

பேழை வேறு, சுருக்கம் வேறு என்னும் இவ்வேறுபாட்டை அறிந்துகொள்வதால் உடனடியான பயனொன்றுண்டு. டி.வி.டி.யிலுள்ள வாப் கோப்பைக் கைப்பேசியோ புதிய தொலைக்காட்சியோ ஏற்கவில்லையென்றால், பலசமயம் உள்ளிருக்கும் காட்சியைத் தொடாமல் பேழையை மாத்திரம் மாற்றினாலே போதும். சில நிமிடங்களில் முடியும். ஒரு புள்ளிகூட இழப்பாகாது. கோப்பின் அளவு குறையாது என்பது மெய்தான். ஆனால் தரமும் குறையாது.

இனி, ‘சிறிய புதிய’ முறைகளுக்கு வருவோம். 2003ஆம் ஆண்டில் எச்.264, 2013ஆம் ஆண்டில் எச்.265, 2018ஆம் ஆண்டில் ஏவி1 என்று இவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரே தரத்துக்கு முந்தியதைவிட ஏறத்தாழப் பாதியளவு போதும் என்பதே எச்.264, எச்.265 ஆகிய இரண்டின் இலக்காக இருந்தது. எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குப் பதில் இடத்துக்கேற்பப் பெரிதும் சிறிதுமான கட்டங்கள். ‘மேற்படி’ போடுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பழைய படங்கள். கட்டங்களின் விளிம்பை மழுக்கிக் காட்டும் வடிகட்டி. இவ்வளவு இருந்தும் உள்ளீட்டில் அந்த 1974ஆம் ஆண்டுக் கோசைன் கணக்கின் வழித்தோன்றல்களே இருக்கின்றன. ஏவி1 தோன்றியதற்குப் பொறியியலோடு பணக்கணக்கும் ஒரு காரணம்: எச்.265 முறைக்குக் காப்புரிமைக் கட்டணம் கேட்போர் பலராகிவிட்டமையால், கட்டணமில்லாத முறையொன்று வேண்டுமென்று பெரிய நிறுவனங்கள் சில 2015ஆம் ஆண்டில் கூட்டாகச் சேர்ந்தன.

‘பாதியளவு போதும்’ என்ற வாக்கு மெய்யே. ஆனால் அது நேர்த்தியான மூலத்திலிருந்து சுருக்கும்போது பெறும் பயன். வீடியோ ஸி.டி.யிலிருக்கும் கோப்பைக் கொடுத்து இதை எச்.265 ஆக்கு என்றால் நேர்வது வேறு. பழைய சுருக்கத்தில் உண்டான சதுரங்களையும் கசிவுகளையும் புதிய முறை பிழையென்று அறியாது. அவையும் காட்சியின் பகுதியென்றே கொண்டு, அவற்றைப் பேணுவதற்கும் இடம் செலவிடுகிறது. இடத்தை மேலும் குறைத்தால், எஞ்சியிருந்த உண்மை விவரத்திலும் ஒரு பங்கை விட்டுவிடுகிறது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இது பழகிய அனுபவம். ஆங்கில மூலத்தைப் பாராமல் இந்தி மொழிபெயர்ப்பிலிருந்து தமிழாக்கும்படி நேர்ந்தால், முதலாமவர் விட்ட சொல் திரும்ப வராது. அவர் சேர்த்த சொல்லோ மூலத்துச் சொல்லாகவே நிலைபெற்றுவிடும். வாட்ஸ்அப் வழியாக ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும் காட்சியும் வழக்கமாக இவ்வாறு மேலும் ஒருமுறை சுருக்கப்பட்டே போய்ச்சேருகிறது. தம்பிக்கு அனுப்பி வைத்திருக்கிறேன், பத்திரமாக இருக்கும் என்று நினைத்து மூலத்தை அழித்துவிடுவோர் இதை எண்ணிப் பார்ப்பது தகும்.

அண்மைக் காலத்தில் இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு வாணிபம் நடக்கிறது. மங்கிய பழைய காட்சியைச் செயற்கை நுண்ணறிவால் துலக்கி, பெரிய திரைக்கேற்ற தெளிவோடு தருவதாகச் சொல்கின்றனர். காட்சி துலங்குவது உண்மை. ஆனால் இல்லாத விவரத்தை எவ்வியந்திரமும் கண்டெடுக்க இயலாது. ஆயிரமாயிரம் அயலார் முகங்களைப் பார்த்துப் பழகிய பழக்கத்தால், இம்முகம் இவ்வாறு இருந்திருக்கலாம் என்று அது ஊகித்து வரைகிறது. வேடிக்கைக்குச் செய்து பார்ப்பதில் தவறில்லை. பாட்டியின் முகத்தில் எது பாட்டியுடையது, எது இயந்திரத்தின் கற்பனை என்று பேரப்பிள்ளைகள் பிரித்தறிய வேண்டுமானால், மங்கிய மூலமும் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

வடிவமாற்றத்தில் மூலத்தை இழப்பது வீட்டளவில் மாத்திரம் நேர்வதாக எண்ண வேண்டாம். 1969ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மனிதன் சந்திரனில் கால்வைத்த காட்சியை உலகெங்கும் சுமார் 60 கோடிப் பேர் தொலைக்காட்சியில் கண்டதாகச் சொல்வர். (தொலைக்காட்சி தில்லியில் மாத்திரமே இருந்த அக்காலத்தில் நம் நாட்டவருக்கு அச்செய்தியைக் கொணர்ந்தது பெரும்பாலும் வானொலிதான்.) சந்திரனிலிருந்து வரும் சமிக்ஞைக்குக் கிடைத்த வழி மிகக் குறுகலானது. எனவே அங்கிருந்த கேமரா, விநாடிக்கு 10 படங்கள், படத்துக்கு 320 வரிகள் என்ற தனிப்பட்ட முறையில் அமைக்கப்பட்டிருந்தது. வீட்டுத் தொலைக்காட்சிகளோ விநாடிக்கு 30 படங்களும் படத்துக்கு 525 வரிகளும் எதிர்பார்த்தன. ஆகவே காட்சியைப் பெற்ற தரை நிலையங்களில் ஒரு மாற்றுக் கருவி வைக்கப்பட்டது. அக்கருவி செய்தது இன்று கேட்டால் வியப்பளிக்கும்: சந்திரனிலிருந்து வந்த படத்தைச் சிறு திரையொன்றில் காட்டி, அத்திரையையே மற்றொரு தொலைக்காட்சிக் கேமராவால் படம்பிடித்து அனுப்பியது. இதில் மாறுபாடு கெட்டது, நிழல்கள் கறுத்தன. உலகம் கண்டது அந்த இரண்டாங்கைப் படத்தைத்தான். நிலையத்தில் இருந்தவர்கள் கண்ட படம் அதைவிடத் தெளிவானது.

அத்தெளிவான மூலம் பெரிய காந்தநாடாக்களில் பதிவாகியிருந்தது. மாற்றப்பட்ட படம் எல்லாரிடமும் இருக்கிறதே, மூலத்துக்கு என்ன அவசரம் என்ற நிலையில் ஆண்டுகள் கழிந்தன. முதுமையடைந்த பொறியியலாளர் சிலர் அந்நாடாக்களைத் தேடத் தொடங்கி, தேடல் சில ஆண்டுகள் நீண்டது. இறுதியில் 2009ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாஸா தன் முடிவை வெளியிட்டது: நாடாத் தட்டுப்பாடு ஏற்பட்ட காலத்தில் பழைய நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்தியபோது, இவையும் அவற்றோடு அழிந்திருக்க வேண்டும். பின்னர், பல தொலைக்காட்சி நிலையங்களிலிருந்து கிடைத்தவற்றுள் சிறந்த பிரதிகளைத் திரட்டி, அவற்றைச் செப்பனிட்டு வெளியிட்டனர். நாற்பதாம் ஆண்டு நிறைவின்போது நாம் கண்டது அப்படத்தையே. மனித வரலாற்றின் தலைசிறந்த காட்சிகளுள் ஒன்றுக்கே இக்கதியென்றால், நம் வீட்டுச் சதாபிஷேகக் காஸெட்டுக்காக வருந்த வேறு எவர் இருக்கின்றனர்?

பெயர்த்தெழுதியபின் மூலத்தைக் கழித்துவிடும் பழக்கம் நமக்கும் புதிதன்று. பனையோலை நெடுநாள் நில்லாது. அதனால் தலைமுறைக்குத் தலைமுறை ஏடுகளைப் பெயர்த்தெழுதினர். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டதும் உண்டு. அவ்வழக்கத்தை டாக்டர் உ. வே. சாமிநாதையர் எவ்வளவு வருத்தத்தோடு குறிப்பிட்டிருக்கிறார் என்பதைத் தமிழ் படித்தோர் அறிவர். ஒரு சுவடியில் சிதைந்த சொல்லை மற்றொரு சுவடியைக் கொண்டே அவர் மீட்டார். பெயர்த்தெழுதியவர் பிழைபட எழுதி, மூலமும் ஆற்றோடு போயிருந்த இடத்தில் அவராலும் ஒன்றும் செய்ய இயலவில்லை.

காஸெட்டுகளைப் பொறுத்தவரை மாற்றாமல் வைத்திருப்பதும் ஒருவகை அழிவே என்பதை மறந்துவிடக் கூடாது. நாடாவின் மேல் காந்தப்பூச்சைப் பற்றி நிற்கும் பசை ஆண்டுகள் செல்லச் செல்ல நெகிழ்கிறது. எனவே முதலில் காப்பாற்ற வேண்டியவை அவையே. மாற்றித் தரும் கடைக்காரரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுவது நல்லது. முதலாவது, எவ்வளவு இடத்தில் தருகிறீர்கள் என்பது. இழப்பில்லாமல் சுருக்கும் முறைகளும் உண்டு. எஃப்எஃப்வி1 என்னும் அத்தகைய முறை 2003ஆம் ஆண்டில் தோன்றி, 2021ஆம் ஆண்டில் இணையத்தின் பொது விதிகளுள் ஒன்றாக வெளியிடப்பட்டது; ஆவணக் காப்பகங்கள் பல அதைக் கையாளுகின்றன. மணிக்கு 75 கிகாபைட் என்பதை அது ஏறத்தாழப் பாதியாக்கும். அதற்குமேல் பெரிதும் குறைக்க இயலாது. அவ்வளவு இடம் கட்டாது என்போர், தாராளமான அளவில் எச்.264 முறையில் ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொண்டு, அதிலிருந்து கைப்பேசிக்குச் சிறு பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி சற்று நுட்பமானது. பழைய தொலைக்காட்சி முறையில் ஒரு விநாடிக்கு 25 முழுப்படங்கள் என்றோமல்லவா? உண்மையில் அவை 50 அரைப்படங்கள். ஒற்றைப்படை வரிகள் ஒருமுறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை என்று காலத்தால் சற்று முன்பின்னாக எடுக்கப்பட்டவை. இக்காலத் திரைகளுக்கும், ஏவி1 முதலிய புதிய முறைகளுக்கும் முழுப்படங்களே ஏற்றவை. எனவே மாற்றுவோர் இரண்டு அரைப்படங்களை இணைத்து ஒன்றாக்குகின்றனர். அவசரத்தில் செய்தால், அசையும் பொருளின் ஓரங்கள் சீப்புப் பல்லாகத் தெரியும். அல்லது ஒவ்வோர் இணையிலும் ஓர் அரைப்படத்தை எறிந்துவிட்டு, அசைவில் பாதியை இழப்பர். சபையில் வாசித்த மிருதங்க வித்துவானின் விரல்கள் இப்படித்தான் மங்கலான கறையாகிப் போகின்றன. 50 அரைப்படங்களையும் 50 முழுப்படங்களாக விரித்துத் தாருங்கள் என்று கேட்டால், விஷயமறிந்த கடைக்காரர் செய்து கொடுப்பார். முகம் சுளித்தால் வேறு கடை பார்ப்பதே மேல்.

1995ஆம் ஆண்டுக்குப்பின் வந்த சிறிய மினி டிவி காஸெட்டுகளின் சங்கதி வேறு. அவற்றுள் இருப்பது ஏற்கெனவே எண்வடிவக் காட்சி. மணிக்கு சுமார் 13 கிகாபைட். ஃபயர்வயர் என்னும் கம்பி வழியாகக் கணிப்பொறிக்கு மாற்றினால் இம்மியளவும் இழப்பில்லாமல் வந்துசேரும். அக்கம்பியைச் செருகும் துளை இப்போது விற்கும் கணிப்பொறிகளில் பெரும்பாலும் கிடையாது. பழைய கணிப்பொறி ஒன்று பரணில் இருந்தால் அதைப் பழைய இரும்புக்காரனிடம் போடுவதற்கு முன் இக்காரியத்தை முடித்துக்கொள்ளலாம்.

யுனெஸ்கோ அமைப்பின் திட்டமொன்று, சர்வதேச ஒலி, காட்சி ஆவணக் காப்பகச் சங்கத்தோடு சேர்ந்து, காந்தநாடாக்களைப் பற்றி 2019ஆம் ஆண்டில் உலகோரை எச்சரித்தது. நாடா கெடுவதற்கு முன்பே அதை ஓட்டும் இயந்திரங்களும் உதிரிப்பாகங்களும் அருகிவிடும் என்பதே அவ்வெச்சரிக்கையின் சாரம். 1976ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த வி.எச்.எஸ். முறைக்குரிய இயந்திரங்களைக் கடைசிவரை செய்துவந்த ஃபுனாய் நிறுவனம் 2016ஆம் ஆண்டு ஜூலையோடு அவ்வேலையை நிறுத்திவிட்டது. ஆயினும் மும்பை லாமிங்டன் சாலை, சென்னை ரிச்சி தெரு போன்ற மின்பொருள் கடைத்தெருக்களில் விசாரித்தால், இவ்வியந்திரங்களைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் ஒருவரிருவர் அகப்படலாம். பூஞ்சை பிடித்த காஸெட்டை அப்படியே இயந்திரத்தில் இடாமல், முதலில் அவர்களிடம் கொடுத்துத் துடைத்துத் தரச் சொல்ல வேண்டும். இயந்திரத்தின் ரப்பர்ப் பட்டையும் உருளையும் கெட்டிருந்தால் மாற்றிக் கொடுப்பர். காந்தமுனை தேய்ந்துபோயிருந்தால், அவர்களும் வேறொரு பழைய இயந்திரத்திலிருந்துதான் கழற்றிப் பொருத்த வேண்டியிருக்கிறது.